ஓடி வந்த குதிரைக்கு ஒரு பக்கெட் ஐஸ் தண்ணீர்!

குட்டீஸ், மே மாத வெயிலில் கிரிக்கெட் ஆடிவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? நேராகத் தண்ணீர்ப் பானைக்கு ஓடுவீர்கள். மடக் மடக்கென்று இரண்டு சொம்பு உள்ளே போகும். அப்புறம் மின்விசிறிக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "அம்மா... மோர் இருக்கா?" என்று ஒரு குரல்!

குதிரையால் அப்படிக் குரல் கொடுக்க முடியாது. சரி, வாயில்லா ஜீவன்தானே என்கிறீர்களா? அதைவிட ஆச்சரியம் ஒன்று இருக்கிறது. கொளுத்தும் வெயிலில் ஓடி, உடம்பிலிருந்து பத்து லிட்டர் தண்ணீர் வியர்வையாகப் போன பிறகும், சில சமயம் குதிரைக்குத் தாகமே எடுக்காது! பக்கெட் நிறையத் தண்ணீரை மூக்குக்கு நேரே நீட்டினால் லேசாக முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அருகில் நிற்கும் பராமரிப்பாளருக்கு அடிவயிறு கலங்கிப்போகும். ஏனென்றால், குதிரை தண்ணீர் குடிக்கவில்லை என்றால் அடுத்த சில மணி நேரத்தில் அதன் உயிருக்கே ஆபத்து வரலாம்.

தாகம் எடுக்க வேண்டிய நேரத்தில் ஏன் எடுப்பதில்லை? அதற்கு முதலில் குதிரையின் உடம்புக்குள் ஓர் எட்டு எட்டிப் பார்த்துவிட்டு வரலாம், வாருங்கள்.

அண்டா சாம்பாரும் குட்டி இட்லியும்

ஒலிம்பிக்கில் 'ஈவென்டிங்' என்று ஒரு குதிரைப் போட்டி உண்டு. மூன்று கட்டங்கள். முதலில், இசைக்கு ஆடுவதுபோல அழகாக அடியெடுத்து வைக்கும் 'டிரஸ்ஸாஜ்'. பிறகு மேடு, பள்ளம், குளம், மரக்கட்டை எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு திறந்தவெளியில் பாய்ந்து ஓடும் 'கிராஸ் கன்ட்ரி'. கடைசியாக, மைதானத்துக்குள் வண்ணக் கம்பங்களைத் தட்டிவிடாமல் தாண்டும் 'ஜம்பிங்'. மூன்றையும் ஒரே வீரரும் ஒரே குதிரையும்தான் செய்ய வேண்டும். வெயில் காலத்தில் குதிரையை வாட்டி எடுப்பது நடுவில் வரும் கிராஸ் கன்ட்ரிதான்.

குதிரையின் எடை சுமார் 500 கிலோ. அவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு பாய்வதற்குத் தசைகள் பேயாய் உழைக்கின்றன. ஆனால் தசைகள் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் நாலில் ஒரு பங்குதான் ஓட்டத்துக்குப் பயன்படும். மீதி அத்தனையும் வெப்பம்! அப்பாவின் பைக் கொஞ்ச தூரம் ஓடியதும் இன்ஜினில் கை வைக்க முடியாமல் சுடுகிறதே, அதே கதைதான்.

சரி, சூடு வந்தால் வெளியே போகட்டுமே என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். இட்லியைத் தட்டில் போட்டால் சீக்கிரம் ஆறிவிடுகிறது. கல்யாண வீட்டில் அண்டா நிறைய இருக்கும் சாம்பாரோ, பந்தி முடியும்வரை ஆவி பறக்கிறது. ஏன்? அண்டாவுக்கு உள்ளே இருக்கும் சாம்பாரோடு ஒப்பிட்டால், வெளிக்காற்றுபடும் பரப்பு ரொம்பக் குறைவு. மனிதன் குட்டி இட்லி. குதிரை அண்டா சாம்பார். நமக்கு ஒவ்வொரு கிலோ எடைக்கும் இருக்கும் தோல் பரப்பில் ஏறத்தாழப் பாதிதான் குதிரைக்கு இருக்கிறது. அதனால் அது நம்மைவிட வேகமாகச் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும்.

குதிரையின் இயல்பான உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை. கிராஸ் கன்ட்ரி முடித்து வரும்போது 40, 41 என்று ஏறியிருக்கும். அதற்கும் மேலே போய், அங்கேயே நின்றுவிட்டால் மூளை, சிறுநீரகம், குடல் எல்லாம் பாதிக்கப்படும். குதிரை தள்ளாடும், விழும். சில சமயம் எழுந்திருக்காது.

நுரை தள்ளும் ரகசியம்

நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும். எருமைக்குக் குட்டை இருந்தால் போதும். குதிரைக்கு இயற்கை கொடுத்திருப்பது வியர்வை. விலங்கு உலகத்தில் மனிதனுக்குச் சரிசமமாக வியர்வை சிந்தக்கூடியவை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கின்றன. அதில் முதல் வரிசையில் நிற்பது குதிரை. கடும் வெயிலில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வியர்வை கொட்டும். அடேயப்பா! நம் வீட்டுத் தண்ணீர்க் குடம் கிட்டத்தட்ட முழுசாகக் காலி!

வேகமாக ஓடி வந்த குதிரையின் கழுத்திலும் கால் இடுக்கிலும் வெள்ளை வெளேரென்று நுரை திரண்டிருப்பதை சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். யாரோ சோப்பு போட்டதுபோல இருக்கும். அது உண்மையிலேயே ஒருவகை சோப்புதான்! குதிரையின் வியர்வையில் 'லேதரின்' என்ற புரதம் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்குள்ள முடியில் தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு விழுந்துவிடும் அல்லவா? லேதரின் கலந்த வியர்வை அப்படி உருளாமல், சோப்புத் தண்ணீர் போல முடி முழுவதும் பரவி நனைக்கிறது. பரவினால்தான் சீக்கிரம் ஆவியாகும். ஆவியானால்தான் உடம்பு குளிரும்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை. அது ஆவியாவதால்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுசாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும். ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தால் பலன் மிகக் குறைவு, தண்ணீர்தான் நஷ்டம். கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயவே காயாது. புழுக்கம் பிடுங்கி எடுக்கும். குதிரைக்கும் வெறும் வெயிலைவிடப் புழுக்கம்தான் பெரிய எதிரி.

இப்போது தாகத்துக்கு வருவோம். நம் வியர்வையை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். ஆனாலும் அதில் தண்ணீர்தான் அதிகம். உப்பு, நம் ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவு. அதனால் நமக்கு வியர்க்க வியர்க்க, ரத்தத்தில் தண்ணீர் குறைந்து உப்பு கெட்டியாகிறது. மூளை உடனே, "ரத்தம் உப்பாகிவிட்டது, தண்ணீர் குடி!" என்று மணி அடிக்கிறது. அதுதான் தாகம்.

குதிரையின் வியர்வை அப்படி இல்லை. ரத்தத்தில் எந்த அளவு உப்பு இருக்கிறதோ அதே அளவு, சில சமயம் அதைவிடக் கூடுதலாகவே, வியர்வையிலும் இருக்கும். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 10 கிராம்! அதாவது இரண்டு டீஸ்பூன் உப்பு. தண்ணீரும் போகிறது, கூடவே உப்பும் போகிறது. அளவு குறைந்தாலும் ரத்தத்தின் உப்புச் சுவை மாறவில்லை. மூளை ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது" என்று சும்மா இருந்துவிடுகிறது. மணி அடிப்பதே இல்லை! உடம்பு வறண்டு கிடக்க, குதிரை பக்கெட்டை வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பதன் ரகசியம் இதுதான்.

குடிக்க வைக்க ஒரு குறும்பு

மணி அடிக்கவில்லையா? நாமே அடித்துவிட வேண்டியதுதான்! அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். ஓடிக் களைத்த குதிரைகள் சிலவற்றுக்கு முதலில் லேசான உப்புத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். மற்றவற்றுக்கு முதலிலிருந்தே சாதாத் தண்ணீர். பிறகு எல்லாக் குதிரைகளுக்கும் சாதாத் தண்ணீர் வைத்தார்கள். எது அதிகம் குடித்தது தெரியுமா? முதலில் உப்புத் தண்ணீர் குடித்த குதிரைகள்தான்! சாதாத் தண்ணீர் உள்ளே போனதும் ரத்தம் நீர்த்துப்போய், இருந்த கொஞ்சநஞ்சத் தாகமும் அடங்கிவிடுகிறது. உப்புத் தண்ணீர் போனால் தாகம் அடங்குவதில்லை. இன்னும் இன்னும் குடிக்கச் சொல்கிறது.

வயிற்றுப்போக்கு வந்தால் நமக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்கிறார்கள் அல்லவா? குதிரைகளுக்கும் அதுபோல உப்புக் கலவைகள் உண்டு. ஆனால் ஓர் எச்சரிக்கை. தண்ணீரே குடிக்காத குதிரையின் வாயில் உப்புப் பசையை மட்டும் பிதுக்கிவிட்டால் ஆபத்து. அந்த உப்பு, உடம்பில் மிச்சம் இருக்கும் தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். கடன்காரனிடமே கடன் வாங்கிய கதையாகிவிடும்!

இன்னொரு தொல்லை, குதிரையின் நாக்கு. ஊர் விட்டு ஊர் போனால், "இந்தத் தண்ணி வேற மாதிரி இருக்கு" என்று தாத்தா சொல்வாரே, குதிரையும் அதே ரகம். புது ஊர்த் தண்ணீரில் குளோரின் வாடை கொஞ்சம் அடித்தாலும் வாய் வைக்காது. அதனால் கெட்டிக்காரப் பராமரிப்பாளர்கள், போட்டிக்குப் புறப்படுவதற்குப் பல நாள் முன்பே வீட்டுத் தண்ணீரில் கொஞ்சம் ஆப்பிள் ஜூஸ் கலந்து பழக்கிவிடுவார்கள். புது ஊருக்குப் போனதும் அங்குள்ள தண்ணீரிலும் அதே ஜூஸ். குதிரை, "ஆகா, நம்ம வீட்டுத் தண்ணீர்!" என்று நினைத்து உறிஞ்சிவிடும்.

காய்ந்த புல்லைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுப்பதும் உண்டு. தின்னும் சாக்கில் தண்ணீரும் உள்ளே போய்விடும். சாப்பிட அடம்பிடிக்கும் தம்பிக்கு அம்மா கதை சொல்லிக்கொண்டே ஊட்டுகிற தந்திரம்தான் இது. புல்லுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. குதிரையின் பெருங்குடல் ஒரு பெரிய தொட்டி மாதிரி. நன்றாகப் புல் தின்ற குதிரையின் குடலில் பல லிட்டர் தண்ணீர் சேமிப்பில் இருக்கும். வியர்க்கும்போது உடம்பு அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும்.

பார்சிலோனாவில் ஒரு பாடம்

1992ஆம் ஆண்டு ஸ்பெயினில் பார்சிலோனா ஒலிம்பிக் நடந்தது. வெயிலில் கிராஸ் கன்ட்ரி ஓடிய குதிரைகள் சில, எல்லையைத் தொடும்போது துவண்டுபோய் வந்தன. பார்த்தவர்களுக்கு மனசு பதறிவிட்டது. அடுத்த ஒலிம்பிக் 1996இல் எங்கே தெரியுமா? அமெரிக்காவின் அட்லாண்டாவில். ஜூலை மாதம். வெயிலும் உண்டு, போதாக்குறைக்குப் புழுக்கமும் உண்டு! "அங்கே குதிரைகளை ஓடவிடவே கூடாது" என்று விலங்கு நல ஆர்வலர்கள் குரல் எழுப்பினார்கள். அது நியாயமான கேள்விதான் என்பது என் எண்ணம். மனிதர்கள் தாமாக விரும்பி ஓடுகிறார்கள். குதிரையிடம் யார் கேட்டார்கள்?

உலகக் குதிரையேற்ற சம்மேளனம் விஞ்ஞானிகளை நாடியது. லியோ ஜெஃப்காட், டேவிட் மார்லின் போன்ற ஆராய்ச்சியாளர்கள் களத்தில் இறங்கினார்கள். இங்கிலாந்தில் நியூமார்க்கெட் என்ற ஊரில், ஓர் அறைக்குள் அட்லாண்டாவின் வெயிலையும் புழுக்கத்தையும் செயற்கையாக உண்டாக்கி, குதிரைகளை டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஆமாம், ஜிம்மில் இருக்குமே, அதே டிரெட்மில்தான். குதிரைக்கு ஏற்ற சைஸில்!

அப்போது குதிரைக்காரர்களிடையே ஒரு பழைய நம்பிக்கை வேரூன்றி இருந்தது. "சூடாக இருக்கும் குதிரையின் மேல் ஐஸ் தண்ணீர் ஊற்றாதே, தசை பிடித்துக்கொள்ளும். அதிர்ச்சியில் விழுந்துவிடும். ஓடி வந்ததும் தண்ணீர் குடிக்கவும் விடாதே" என்பார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த பேச்சு. நம் வீட்டிலும், "வெயிலில் வந்தவுடனே தலையில் தண்ணி ஊத்தாதே" என்று பாட்டி சொல்வதில்லையா?

மார்லின் குழுவினர் ஐஸ்போன்ற குளிர்ந்த தண்ணீரைச் சூடான குதிரைகளின் மேல் ஊற்றியே பார்த்துவிட்டார்கள். தசையில் பாதிப்பு இல்லை, குதிரை விழவும் இல்லை. மாறாக, சூடு மளமளவென்று இறங்கியது. காரணம் எளிது. காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும் சரி, குளிர்ந்த தண்ணீர் சூடான தோலைத் தொட்டவுடன் வெப்பத்தை நேரடியாக உறிஞ்சிக்கொள்ளும். ஆவியாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. புழுக்கத்தில் வியர்வை தோற்றுப்போகும் இடத்தில் பக்கெட் ஜெயிக்கிறது!

இன்னொன்றும் தெரியவந்தது. குதிரையைச் சூடான ஊருக்கு முன்கூட்டியே கொண்டுபோய் இரண்டு மூன்று வாரம் பழக்கினால், அதன் உடம்பு வெயிலைச் சமாளிக்கக் கற்றுக்கொள்கிறது. அதனால் அட்லாண்டாவுக்கு வந்த குதிரைகள் சீக்கிரமே வந்து சேர்ந்தன. அட்லாண்டாவுக்கு அருகில் கான்யர்ஸ் என்ற ஊரில் போட்டி. ஓடும் தூரம் குறைக்கப்பட்டது. நடுவில் கூடுதலாக ஓர் ஓய்வு நிறுத்தம் வைத்தார்கள். பனிப்புகை போலத் தண்ணீர்த் துளிகளை வீசும் ராட்சத மின்விசிறிகள் வந்து நின்றன. மலை மலையாக ஐஸ்! எல்லாரும் பயந்த அந்தப் போட்டி நல்லபடியாக நடந்து முடிந்தது.

கடலை ஒட்டிய குப்பைத் தீவு

கால் நூற்றாண்டு கழித்து அதே சவால் டோக்கியோவில் வந்தது. 2020இல் நடக்கவேண்டிய ஒலிம்பிக், கொரோனாவால் தள்ளிப்போய் 2021 ஜூலை - ஆகஸ்டில் நடந்தது. ஜப்பானின் ஆகஸ்டு மாதப் புழுக்கம் பொல்லாதது. கிராஸ் கன்ட்ரி நடந்த இடமோ டோக்கியோ விரிகுடாவில், குப்பைகளைக் கொட்டிக் கொட்டியே உருவாக்கிய ஒரு செயற்கை நிலம். இப்போது அதன் பெயர் என்ன தெரியுமா? 'கடல் காடு'!

ஐரோப்பாவிலிருந்து குதிரைகள் விமானத்தில் வந்தன. ஹனேடா விமான நிலையத்தில் வந்திறங்கிய முதல் விமானத்தில் மட்டும் 36 குதிரைகள். பெல்ஜியத்திலிருந்து துபாய் வழியாக, 18 மணி நேரத்துக்கும் மேல் பயணம். அவை தங்கிய லாயங்களுக்கு ஏ.சி. வசதி! மற்றக் குதிரைப் போட்டிகள் பெரும்பாலும் சாயங்காலம் 5 மணிக்கு மேல் விளக்கு வெளிச்சத்தில் நடந்தன. கிராஸ் கன்ட்ரியில் அது முடியாதே. அதனால் ஆகஸ்டு 1ஆம் தேதி காலை 7.45க்கே தொடங்கிவிட்டார்கள். தூரம் 4,420 மீட்டர்தான்.

'இன்று ஓடலாமா, வேண்டாமா' என்று எப்படி முடிவு செய்வது? வெறும் தெர்மாமீட்டர் போதாது. அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மூன்று தெர்மாமீட்டர்கள். ஒன்று சாதாரணம். இன்னொன்றின் நுனியில் ஈரத்துணி. அது புழுக்கத்தைச் சொல்லும். மூன்றாவது, கறுப்பு உருண்டைக்குள். அது வெயிலின் உக்கிரத்தைச் சொல்லும். மூன்றையும் சேர்த்து ஓர் எண் கிடைக்கும். இதில் ஈரத்துணித் தெர்மாமீட்டருக்குத்தான் 70 சதவீத மதிப்பு. இப்போது புரிகிறதா, புழுக்கம் எவ்வளவு முக்கியம் என்று? அந்த எண் 28க்குள் இருந்தால் வழக்கம்போல நடத்தலாம். அதற்கு மேலே ஏற ஏற, ஓட்டத்தைக் குறைப்பது, நிழலையும் ஐஸையும் கூட்டுவது என்று ஏற்பாடுகள் கூடும். 33ஐத் தாண்டினால் போட்டி நடத்துவது பாதுகாப்பில்லை.

எல்லைக் கோட்டுக்கு அப்பால்...

குதிரை கடைசித் தடையைத் தாண்டி, எல்லைக்கோட்டைக் கடக்கிறது. பார்வையாளர்கள் கைதட்டிவிட்டு அடுத்த குதிரையைப் பார்க்கத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் திரும்பாதீர்கள். உண்மையான பரபரப்பு இனிமேல்தான்!

வீரர் குதித்து இறங்குகிறார். நாலைந்து பேர் சூழ்ந்துகொள்கிறார்கள். ஒருவர் கடிவாளத்தைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சேணத்தை உருவுகிறார். கால் உறைகள் கழற்றப்படுகின்றன. டோக்கியோவில் வெப்பத்தைக் காட்டும் கேமராக்களும் வைத்திருந்தார்கள். அதிகம் சூடான குதிரை எது என்பது, தொடாமலேயே திரையில் தெரிந்துவிடும்.

உடனே இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பக்கெட். கழுத்து, மார்பு, முதுகு, விலா, பின்தொடை என்று ஓர் இடம் விடாமல் ஐஸ் தண்ணீரை ஊற்றுகிறார்கள். பின்தொடையில் பெரிய பெரிய தசைகள் இருப்பதால் அங்கே சூடு அதிகம். ஊற்றுவது, சில அடி நடக்கவிடுவது, மறுபடி ஊற்றுவது... நடந்தால் தோலுக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், காற்றும் படும்.

ஈரத் துண்டைக் குதிரையின் கழுத்தில் போர்த்திவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை! கொஞ்ச நேரத்தில் அந்தத் துண்டே சூடாகிப் போர்வைபோல வெப்பத்தை அடைத்துவிடும். ஊற்றிய தண்ணீரை உடனுக்குடன் வழித்துவிட வேண்டும் என்றும் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஜப்பானில் நடந்த ஆய்வில் இன்னும் சுலபமான வழி தெரிந்தது. வழிப்பது, நிறுத்துவது எதுவும் வேண்டாம்; குழாய்த் தண்ணீரை இடைவிடாமல் ஷவர் போலக் கொட்டினாலே சூடு நன்றாக இறங்குகிறதாம்.

இதற்கிடையே ஒருவர் தெர்மாமீட்டரும் கையுமாக நிற்பார். குதிரைக்கு வாலைத் தூக்கி, ஆசனவாயில்தான் வெப்பம் பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள், அது பெரிய பொறுப்பு! ஓட்டம் நின்ற பிறகும் தசைகளில் இருக்கும் சூடு ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். அதனால் முதலில் 40 காட்டிய தெர்மாமீட்டர், ஐந்து நிமிடம் கழித்து 41 காட்டினாலும் காட்டும். முதல் அளவை நம்பி பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டால் அவ்வளவுதான். திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

கால்நடை மருத்துவரும் சும்மா இருப்பதில்லை. கழுத்துத் தோலைக் கிள்ளி விடுவார். நீர்ச்சத்து இருந்தால் தோல் சட்டென்று பழைய நிலைக்குப் போகும். கூடாரம் போல அப்படியே நின்றால், உடம்பு வறண்டிருக்கிறது என்று அர்த்தம். உதட்டைத் தூக்கி ஈறில் கட்டைவிரலை அழுத்தி எடுப்பார். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் கேட்பார். குதிரையின் வயிறு எப்போதும் களகளவென்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அமைதியாகிவிட்டால்தான் கவலை! தண்ணீர் இல்லாமல் குடல் ஓய்ந்துவிட்டால் கடும் வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. வயிற்றுவலியால் குதிரைகள் இறந்துபோவது உண்டு.

சில சமயம் விநோதமான ஒரு காட்சி தெரியும். ஓய்வாக நிற்கும் குதிரையின் விலா, கடிகாரம் போல டக் டக் என்று துடிக்கும். ஒவ்வொரு துடிப்பும் இதயத் துடிப்போடு சேர்ந்தே வரும். வியர்வையில் கால்சியம் போன்ற உப்புகள் அதிகம் போய்விட்டதன் அடையாளம் அது. மருத்துவர் அந்தக் குதிரையை உடனே சிகிச்சைக்கு அழைத்துப்போவார்.

160 கிலோமீட்டர் தூரம் ஓடும் 'எண்டியூரன்ஸ்' போட்டியில் விதிமுறை இன்னும் கண்டிப்பு. வழியில் ஆங்காங்கே மருத்துவர்கள் காத்திருப்பார்கள். ஓடி வந்த குதிரையின் இதயத் துடிப்பு, குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஒரு நிமிடத்துக்கு 64 என்ற அளவுக்கு இறங்க வேண்டும் என்பது அங்கே வெகுகாலமாக இருக்கும் அளவுகோல். இறங்காவிட்டால், எவ்வளவு வேகமாக வந்த குதிரையாக இருந்தாலும் போட்டியிலிருந்து வெளியேற்றம்தான். முந்தி வருவதில் பயனில்லை. பத்திரமாக வர வேண்டும். எனக்குப் பிடித்த விதி இது.

நம்ம ஊர்க் குதிரை வீரர்

டோக்கியோவில் இந்தியாவுக்காக ஈவென்டிங்கில் கலந்துகொண்டவர், பெங்களூருவைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா. சிட்னியில் 2000ஆம் ஆண்டு இம்தியாஸ் அனீஸ் கலந்துகொண்ட பிறகு, ஒலிம்பிக் குதிரைப் போட்டிக்குப் போன அடுத்த இந்தியர் இவர்தான். குதிரையின் பெயர் செனியர் மெடிகாட். இந்த ஜோடி ஏற்கெனவே 2018இல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இரண்டு வெள்ளி வென்றிருந்தது. ஜகார்த்தாவிலும் வெயிலும் புழுக்கமும்தான்! டோக்கியோவில் மூன்று கட்டங்களையும் முடித்து 23ஆவது இடம் பிடித்தார் ஃபவாத்.

தங்கம் வென்றவர் ஜெர்மனியின் யூலியா கிராயெவ்ஸ்கி. ஈவென்டிங் தனிநபர் பிரிவில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் பெண் இவர். வெண்கலம் பெற்றவரின் வயதைக் கேட்டால் அசந்துபோவீர்கள்... 62! ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ஹோய். பார்சிலோனா, அட்லாண்டா, டோக்கியோ என்று நாம் பேசிய மூன்று சூடான ஊர்களிலும் குதிரை ஓட்டியவர் அவர்.

ஈவென்டிங்கில் கிராஸ் கன்ட்ரி முடிந்ததோடு வேலை முடிவதில்லை. மறுநாள் ஜம்பிங் இருக்கிறதே! அதற்கு முன்பு, நடுவர்களுக்கும் மருத்துவருக்கும் முன்னால் குதிரை நேராக ஓடிக் காட்ட வேண்டும். தடுமாறினால் அனுமதி இல்லை. அதனால் அன்று இரவு வீரர் தூங்கினாலும் பராமரிப்பாளருக்குத் தூக்கம் கிடையாது. லாயத்தில் இரண்டு பக்கெட் வைத்திருப்பார். ஒன்றில் சாதாத் தண்ணீர், ஒன்றில் உப்புத் தண்ணீர். இஷ்டம்போல எதை வேண்டுமானாலும் குடித்துக்கொள்ளட்டும் என்று. தானாக நிரம்பும் தொட்டி வைத்தால் வேலை மிச்சம்தான். ஆனால் குதிரை எவ்வளவு குடித்தது என்று தெரியாதே! பக்கெட் என்றால் அளந்துவிடலாம். டார்ச் வெளிச்சத்தில் அவர் முதலில் பார்ப்பது, பக்கெட்டில் தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று. அடுத்து, தரையில் லத்தி போட்டிருக்கிறதா, அது ஈரமாக இருக்கிறதா என்று. இரண்டும் சரியாக இருந்தால், பக்கெட்டை மறுபடி நிரப்பி வைத்துவிட்டு, ஊறவைத்த புல்லில் ஒரு கை அள்ளிப் போடுவார். குதிரை மென்றுகொண்டிருக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் அவர் உட்காருவார்.